இரண்டாம் சுருள்

வட்டமான ஒரு தகர டப்பா. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது. மூடியில் ஒட்டியிருந்த தாளில், பாதி முகத்தைக் கடல் அரித்துத் தின்ற ஒரு மனிதன் கதவருகே நிற்கும் படம். செவிலியர் பயிற்சி முடித்து, விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவில் இருந்த ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நான் வேலைக்குச் சேர்ந்தது அறுபதுகளில். அங்கே எக்ஸ்ரே அறை அலமாரியில்தான் அதை முதலில் பார்த்தேன். மருந்து டப்பா என்று நினைத்து எடுத்தவள், அந்த முகத்தைக் கண்டதும் கீழே போடப் பார்த்தேன். "பைய, சிஸ்டர், பைய. அது மாதிரி இன்னொண்ணு கெடைக்காது" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அங்கே எக்ஸ்ரே எடுப்பவர்; எல்லோருக்கும் எக்ஸ்ரே சார்.

அவர் பேய்ப்படங்களைச் சேர்த்தார். கொட்டகையில் ஓடும் பெரிய படங்கள் அல்ல. வெளிநாட்டில் வசதியுள்ளவர்கள் வீட்டுச் சுவரில் போட்டுப் பார்ப்பதற்கென்று, சுண்டுவிரல் அகலம்கூட இல்லாத பிலிமில் சுருக்கி அச்சடித்து விற்ற ஊமைப்படங்கள். ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்கார டாக்டர் தன்னுடைய சின்ன புரொஜெக்டரை அவரிடம் விட்டுப்போனதில் ஆரம்பித்த பித்து அது. லீவு கிடைத்தால் தூத்துக்குடிக்கு பஸ் ஏறிவிடுவார். மாலுமிகள் தள்ளிவிட்டுப் போன பழைய சாமான்களைக் கடை கடையாகக் கிண்டுவார். நான் பார்த்த அந்தக் கடல் மனிதன் படத்தின் முதல் சுருள் அப்படிக் கிடைத்ததுதான். இரண்டாம் சுருளுக்காக மூன்று வருடம் யார் யாருக்கோ கடிதம் எழுதி, கடைசியில் கொழும்பிலிருந்த ஒரு கப்பல் சமையல்காரரிடமிருந்து வரவழைத்தார். நாற்பதைத் தாண்டியவர், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், உரக்கப் பேசத் தெரியாதவர். அவருக்கு எதற்கு இந்தப் பேய்கள் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "பயத்த ஒருத்தன் ஒக்காந்து யோசிச்சு, வெளிச்சம் போட்டு, இம்புட்டு அழகாப் பிடிச்சு வச்சிருக்கானே சிஸ்டர்" என்றார். அவர் பிலிமைத் துடைப்பதைப் பார்த்திருக்கிறேன். பச்சைப் புண்ணை நாங்கள்கூட அவ்வளவு மெதுவாகத் தொட்டதில்லை.

ஒரு கோடையில், அச்சங்குளம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் வெடிமருந்து தீப்பிடித்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். இருபத்தைந்து வயதிருக்கும். உயிர் பிழைத்துவிட்டாள். ஆனால் முகத்தின் இடப்பக்கமும் கழுத்தும் வெந்துபோயிருந்தன. கட்டுப் பிரித்த அன்று, மருந்துத் தட்டின் பளபளப்பில் தன்னைப் பார்த்துவிட்டாள். அதன் பிறகு தலைவரை போர்வைதான். யாரோடும் பேச்சில்லை. ஞாயிறுதோறும் அவள் கணவர் வந்து வார்டு வாசலில் நிற்பார். போர்வைக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து, போகச் சொல்லி அசையும். நான்தான் போய்ச் சொல்லவேண்டும். அவர் தூக்குவாளியை என்னிடம் கொடுத்துவிட்டு, "அடுத்த வாரம் வாரேன்னு சொல்லுங்க" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்.

தீக்குப் பயந்து ஓடி விழுந்ததில் பிசகிய மணிக்கட்டு இன்னும் சரியாகாததால் ஒருநாள் அவளை எக்ஸ்ரே எடுக்க அழைத்துப்போனேன். ஜன்னல்களில் கறுப்புத் துணி, ஒற்றைச் சிவப்பு விளக்கு. அந்த இருட்டில், தன்னை யாரும் சரியாகப் பார்க்கமுடியாது என்று தோன்றியதோ என்னவோ, போர்வையைத் தானே விலக்கினாள். அலமாரியில் இருந்த அந்த டப்பாவைக் கூர்ந்து பார்த்தாள். "அது என்ன சார்?" என்றாள். மூன்று வாரத்தில் நான் கேட்ட முதல் பேச்சு.

எக்ஸ்ரே சார் என்னைப் பார்த்தார். "பேய்ப்படம்மா."

"எனக்குக் காட்டுவீகளா?"

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அதே அறையில் காட்டினார். வேண்டாம் என்றுதான் நான் சொன்னேன். கடலில் மூழ்கியவன் பல மாதம் கழித்து எழுந்து வருகிறான். முகத்தை மீன்கள் தின்றிருக்கின்றன. ஊரைக் கடந்து தன் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுகிறான். மனைவி தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். சுருள் முடிந்தது.

"பெறகு?" என்றாள்.

"அம்புட்டுத்தான்" என்றார் சார். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"டப்பா ரெண்டு இருக்கே சார்."

அவர் அடுத்த டப்பாவை எடுத்து மூடியைத் துடைத்தார். பிறகு இரண்டாம் சுருளை மாட்டினார். பிலிம் இரண்டு தடவை நழுவியது. கதவு திறக்கிறது. மனைவி அலறி ஓடுகிறாள். ஊரே தீப்பந்தத்தோடு திரண்டு அவனை மறுபடி கடலுக்குள் விரட்டுகிறது. வெள்ளைச் சுவரில் வெறும் வெளிச்சம் மட்டும் மிஞ்சியபோது நான் அவள் பக்கம் திரும்பவில்லை. என்ன காரியம் செய்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

அவள் சொன்னாள்: "அவன் ஏன் சார் பேசவே இல்ல?"

"ஊமைப்படம்மா. சத்தம் கெடையாது."

"அது தெரியுது. மத்த சனமெல்லாம் வாயசைக்கிறாகள்ல. இவன் மட்டும் கதவத் தட்டிட்டுச் சும்மா நிக்கான். பேரச் சொல்லிக் கூப்பிட்டிருந்தா அவளுக்குக் கொரல் தெரிஞ்சிருக்கும்ல."

சார் சுருளைச் சுற்றி மறுபடி ஓட்டினார். கதவருகே நின்ற அந்த மனிதனின் வாய் ஒருமுறைகூடத் திறக்கவில்லை. புரொஜெக்டரை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "எத்தன தடவ பாத்திருக்கேன் சிஸ்டர். நான் வெளிச்சத்தத்தான் பாத்திருக்கேன்" என்றார். அவர் குரலில் இருந்தது வருத்தமல்ல. கோயிலில் மண்டியிடும்போது மட்டும் அவர் முகத்தில் வரும் ஒரு அடக்கம்.

எக்ஸ்ரே சார் காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. அந்த டப்பாக்கள் யாரிடம் போயின என்று எனக்குத் தெரியாது. இன்று கைப்பேசியைத் தொட்டால் உலகத்துப் பேயெல்லாம் வண்ணத்தில், அலறலோடு வருகின்றன. நானும் பார்க்கிறேன். பாதியில் தூங்கிவிடுகிறேன். ஆனால் அந்தப் படம் காட்டியதற்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இப்போதும் மயிர்க்கூச்செறிகிறது.

அன்று அவள் என்னைக் கூப்பிட்டு, கட்டிலைச் சுற்றி மறைப்புத் துணி கட்டச் சொன்னாள். கணவரைத் துணிக்கு அந்தப் பக்கம் நிறுத்தச் சொன்னாள். நானும் சாரும் நடைவழியில் நின்றோம். அவள் எழுந்து உட்கார்ந்ததில் கட்டில் கிறீச்சிட்டது. பிறகு, "நாந்தான்" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ம்" என்றார்.

"வெள்ளாட்டுக்குக் கொழை போட்டீகளா?"

"போட்டேன்."

"தண்ணி?"

"வச்சேன்."

ஒழுகுகிற கூரையைப் பற்றிக் கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரி வாங்கிப்போன அரிவாள்மணையைப் பற்றிக் கேட்டாள். அவரும் ஒவ்வொன்றாகச் சொன்னார். கால்மணி நேரம் போயிருக்கும். அவள் சொன்னாள்: "பாக்க நல்லாருக்காது. பரவால்லன்னா உள்ள வாங்க."

துணி அசைந்தது. பேச்சு நின்றது. சார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு அவர் குரல் கேட்டது. "ஆடு சினையா இருக்கு. ரெண்டு குட்டி போடும் போலத் தெரியுது."

"ரெண்டா?" என்றாள் அவள்.