கூலாயில் படுத்த பத்து நாள்

செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று நாற்பது. கோலாலம்பூரில் முப்பத்தைந்து ரிங்கிட் கொடுத்து ஏறிய பேருந்து என்னைக் கூலாயில் இறக்கிவிட்டு, ஜொகூர் பாருவை நோக்கிப் போய்விட்டது. நான்கு மணி நேரமும் சாலையின் இரு பக்கமும் எண்ணெய் எடுக்கிற செம்பனை, செம்பனை, செம்பனைதான். கண் பூத்துப்போய் இறங்கினேன். தலை லேசாகக் கனத்தது. பேருந்தின் ஏசி சேரவில்லை என்று நானே எனக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டேன்.

ஓர் ஊரில் இரண்டு இரவுக்கு மேல் தங்கினால் எனக்கு இருப்புக் கொள்ளாது. கூலாயில் இரண்டு நாள், உலு திராம் பக்கம் ஒரு சுற்று, பிறகு வடக்கே நூற்றைம்பது கிலோமீட்டர் போய்த் தங்காக்கின் துணிக்கடைகள், சனிக்கிழமை காலை குனோங் லேடாங் மலையின் அருவி. எல்லாவற்றையும் மணி போட்டு ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். தபால் துறையில் முப்பத்தைந்து வருடம் இருந்தவன் தாள் இல்லாமல் எங்கும் போகமாட்டான்.

எனக்கு வயது அறுபத்தொன்று, ஊர் லால்குடி. இரண்டு வருடங்களுக்கு முன் இதயத்தில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். டாக்டர் போகலாம் என்று சொன்ன பிறகும் என் மனைவி சாந்தி ஒரு நிபந்தனை போட்டாள். "தனியா போங்க, வேண்டாங்கல. உடம்புக்கு ஏதாவதுன்னா அன்னைக்கே எனக்குச் சொல்லணும்." சரி என்றேன். அந்த நேரத்தில் விமான டிக்கெட்டுக்காக எதற்கு வேண்டுமானாலும் சரி என்று சொல்லியிருப்பேன்.

தங்குவதற்கு இணையத்தில் பிடித்த அறை, ஒரு தாமானில், அதாவது வரிசை வீடுகள் கொண்ட குடியிருப்பில், மாடிப் பின்னறை. நாளுக்கு அறுபத்தைந்து ரிங்கிட். வீட்டுக்காரி ஸ்டெல்லாவுக்கு ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். செம்பனைத் தோட்டத்தில் பிறந்து, சேனாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபது வருடம் வேலை பார்த்துவிட்டு நின்றுகொண்டவர். கணவர் சேவியர் தினமும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்பிப் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் போய், பொழுது சாய்ந்து திரும்புகிறவர். வாசலில் என்னைப் பார்த்ததுமே ஸ்டெல்லா, "அண்ணே, கண்ணெல்லாம் செவந்திருக்கு. காச்சலா?" என்றார். இல்லை என்றேன். அந்தப் பயணத்தில் நான் சொன்ன முதல் பொய் அது.

புதன்கிழமை காலை எட்டரை. எழுந்து உட்கார முடியவில்லை. முதுகெலும்பை யாரோ முறுக்கிப் பிழிவதுபோல் இருந்தது. ஸ்டெல்லா தன் காரில் மூன்றாவது தெருவில் இருந்த கிளினிக்குக்குக் கொண்டுபோனார். டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. விரலில் ரத்தம் எடுத்துக் கால் மணி நேரத்தில் டிங்கி என்று சொல்லிவிட்டார். நம் ஊரில் டெங்கு என்பதை இங்கே டிங்கி என்கிறார்கள். ரத்தத் தட்டணுக்கள் ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம். தினமும் காலையில் வந்து எண்ணிக்கை பார்க்க வேண்டும், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், வீட்டை விட்டு எங்கும் போகக்கூடாது.

பிறகு டாக்டர் மலாயில் ஏதோ கேட்டார். ஸ்டெல்லா என் பக்கம் திரும்பினார்.

"வேற சீக்கு ஏதாச்சும் இருக்கா, வழக்கமா மருந்து ஏதும் சாப்புடறீங்களான்னு கேக்கறாங்க."

இதயம் என்ற வார்த்தையை எடுத்தால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து விடுவார்கள், சனிக்கிழமை மலை போய்விடும் என்று தோன்றியது. "பிரஷருக்கு ஒண்ணு போடறேன், வேற ஒண்ணுமில்ல" என்றேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்: காய்ச்சல் நூற்றுமூன்று டிகிரி இருக்கும்போதுகூட நான் அருவியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வியாழன். எண்ணிக்கை ஒரு லட்சத்து நாலாயிரம். படுத்த இடத்திலிருந்து எனக்குத் தெரிந்த மலேசியா இவ்வளவுதான்: ஒரு ஜன்னல், அதில் எதிர்வீட்டுத் தகரக் கூரை, கூரைக்குப் பின்னால் மசூதியின் ஒலிபெருக்கி. விடியுமுன் சேவியரின் மோட்டார் சைக்கிள், அதையடுத்துத் தொழுகை அழைப்பு, ஏழரைக்குப் பள்ளி வேன், மதியம் மூன்று மணிக்கு மழை. "அண்ணே, பசியாறலாமா?" என்று ஸ்டெல்லா காலையில் கேட்பார். இங்கே காலைச் சாப்பாட்டுக்குப் பசியாறுதல் என்றுதான் பெயர். இட்லியும் வந்தது, கஞ்சியும் வந்தது, இரண்டுமே வாயில் மண்ணாக இருந்தன. நான் புரண்டு படுத்தேன், எழுந்து ஜன்னலுக்குப் போனேன், திரும்பிப் படுத்தேன், தாளை எடுத்துப் பார்த்து எரிச்சல்பட்டேன்.

"ஒரு எடத்துல இருக்கவே மாட்டேங்கறீங்க லா," என்றார் ஸ்டெல்லா, பேச்சுக்கு வாலாக வைக்கிற அந்த மலேசிய 'லா'வோடு. "எங்க போவணும் இப்ப?"

எங்கே போக வேண்டும் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

இதற்கிடையே சாந்திக்குத் தினமும் இரண்டு வேளை போன். இங்கே நம் ஊரைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். முகத்தைக் கழுவி, சட்டை மாட்டி, வெள்ளைச் சுவர் தெரிய உட்கார்ந்துகொண்டு பேசுவேன். வியாழன் மாலை உலு திராம் பார்த்தேன் என்றேன், வளர்ந்து வருகிற ஊர், கடைவீதி பெரிது என்றெல்லாம் இணையத்தில் படித்ததை ஒப்பித்தேன். வெள்ளி மாலை தங்காக் வந்து சேர்ந்துவிட்டேன் என்றேன், அவளுக்கு ஒரு புடவை விலை கேட்டதாகவும் சொன்னேன். "என்ன கலர்?" என்றாள். பச்சை என்றேன். இப்படித்தான் நான் தங்காக் போனேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலை இன்னொன்று நடந்தது. டிங்கி கண்டால் கிளினிக் உடனே சுகாதார இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டுமாம். இருவர் சீருடையில் வந்து தெருவில் ஒரு வீடு விடாமல் பூந்தொட்டித் தட்டு, வாளி, ஏசித் தண்ணீர் என்று டார்ச் அடித்துப் பார்த்தார்கள். அதன்பின் புகை அடித்தார்கள். பக்கத்து வீடுகளில் எல்லோரும் அடுப்பை அணைத்து, பூனையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார்கள். நான் போர்வையோடு நாற்காலியில் நடுத்தெருவில் உட்கார்ந்திருந்தேன். எல்லோருடைய காலையையும் கெடுத்த வெளியூர்க்காரன் நான்தான் என்று ஒருவர் விடாமல் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். கொசு எந்த ஊரில் என்னைக் கடித்தது, கோலாலம்பூரா லால்குடியா, யார் கண்டது? ஆனால் பக்கத்து வீட்டுச் சீன அம்மா அன்று மதியமே நண்டு சூப் கொண்டுவந்து கொடுத்தார். டிங்கிக்கு நல்லது என்பது அவர்கள் நம்பிக்கை. ஸ்டெல்லாவின் வீட்டில் பப்பாளி இலைச்சாறு. என் ரத்தத்துக்காக இரண்டு வீடுகள் போட்டி போட்டன. எண்ணிக்கை எழுபத்தொன்பதாயிரம்.

சனிக்கிழமை, மலைக்குக் குறித்திருந்த நாள். காலை ஏழு ஐம்பது. பல் தேய்த்துத் துப்பினேன், தொட்டி சிவந்தது. மறுபடி கொப்பளித்தேன், மறுபடியும் சிவப்பு. கையில் வெள்ளிக்கிழமை ஊசி குத்திய இடம் ஊதா நிறத்தில் வடை அளவுக்கு விரிந்திருந்தது. பயந்துவிட்டேன். ஸ்டெல்லாவைக் கூப்பிடச் சுவரைத் தட்டினேன்.

கிளினிக்கில் எண்ணிக்கை நாற்பத்தாறாயிரம். டாக்டர் என் ஈறுகளைப் பார்த்தார், கையைப் பார்த்தார், இந்த எண்ணிக்கைக்கு இவ்வளவு கசிவு ஏன் என்று யோசித்தார். பிறகு என் கண்ணைப் பார்த்து, நேராக ஆங்கிலத்திலேயே, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்.

சட்டைப் பையிலிருந்து அன்றைய இரண்டு பொட்டலங்களையும் எடுத்து மேஜையில் வைத்தேன். இதயத்தையும் சொன்னேன். ஸ்டெல்லா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப்போவதில்லை.

இங்கே அந்தப் பொட்டலங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு மாத்திரை எடுத்துத் தருவது சாந்திதான், ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து. நான் கையை நீட்டுவேன், அவள் போடுவாள், நான் விழுங்குவேன். பயணத்துக்கும் அப்படியே. அட்டையிலிருந்து எல்லா மாத்திரைகளையும் பிரித்து, விபூதிப் பொட்டலம்போல் காகிதத்தில் மடித்து, ஒன்றில் 'கா', ஒன்றில் 'இ' என்று எழுதி, பதினெட்டு நாளுக்கு முப்பத்தாறு பொட்டலம். அட்டையோடு கொடுத்தால் நான் எதையாவது விட்டுவிடுவேனாம். மருந்துச்சீட்டைப் போனில் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். எடுத்துவிட்டேன் என்று சொன்னேன், எடுக்கவில்லை.

டாக்டர் பொட்டலங்களைப் பிரித்தார். காலை மாத்திரைகள் நான்கு. ஒன்று மஞ்சள், ஒன்று இளஞ்சிவப்பு, இரண்டு வெள்ளை. இரவுப் பொட்டலத்தில் இன்னொரு வெள்ளை. எதிலும் படிக்கும்படியான எழுத்து இல்லை. இந்தியக் கம்பெனி மாத்திரைகள், அவருடைய கணினியிலும் கிடைக்கவில்லை. இதில் ஒன்று ரத்தம் உறையாமல் தடுப்பது, டிங்கியோடு அதை நான்கு நாள் விழுங்கியிருக்கிறீர்கள், அதை நிறுத்த வேண்டும் என்றார். தப்பானதை நிறுத்தினால் இதயத்துக்கு ஆபத்து, எதையும் நிறுத்தாவிட்டால் ரத்தம் எங்கே கசியும் என்று சொல்ல முடியாது. எது எது என்று சொல்லுங்கள்.

எனக்குத் தெரியவில்லை. கூலாய்க்கும் தங்காக்குக்கும் எத்தனை கிலோமீட்டர் என்று தெரியும். மலையின் உயரம் ஆயிரத்து இருநூற்று எழுபத்தாறு மீட்டர் என்று தெரியும். இரண்டு வருடமாகத் தினமும் என் தொண்டையில் இறங்குகிற மாத்திரைகளில் ஒன்றின் பெயரும் எனக்குத் தெரியாது.

"யாருக்குத் தெரியும்?" என்றார் ஸ்டெல்லா.

"வீட்ல."

"அப்ப கூப்புடுங்க, அண்ணே."

மணி ஒன்பது பத்து, லால்குடியில் ஆறு நாற்பது. முதல் மணியிலேயே எடுத்தாள். வீடியோவில் ஈரத் தலையோடு சிரித்தாள்.

"என்ன, மலை ஏற ஆரம்பிச்சாச்சா?"

என் பின்னால் எடை பார்க்கும் இயந்திரமும் ஊசி வைத்த தட்டும் இருந்தன. அவள் சிரிப்பு நின்றது. நான் சொல்ல ஆரம்பித்தேன். டெங்கு, செவ்வாய்க்கிழமையிலிருந்து, தங்காக் போகவில்லை, ஈறில் ரத்தம். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் என்னை முடிக்கவிடவில்லை.

"அந்த டாக்டரம்மாகிட்ட போனைக் குடுங்க."

அலமாரி திறக்கும் சத்தம். அட்டைகளை எடுத்து வந்து ஒவ்வொரு பெயரையும் ஆங்கில எழுத்து எழுத்தாக, பள்ளிக்கூடப் பிள்ளைபோல் உரக்கச் சொன்னாள். டாக்டர் எழுதிக்கொண்டார். ஆனால் காலையில் வெள்ளை இரண்டு இருந்ததே. ஸ்டெல்லா இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக் கேமராவுக்கு முன் நீட்டினார்.

"கொஞ்சம் கிட்டக் காட்டுங்கம்மா. அதில்ல. நடுவுல கோடு இருக்கு பாருங்க, அது நாடித் துடிப்புக்கு. அதை நிறுத்தவே கூடாது. கோடில்லாம வழவழன்னு இருக்கே, அதுதான் ஆஸ்பிரின். அதைத்தான் நிறுத்தணும்னு சொல்றாங்களா?"

"அதான் அக்கா," என்றார் ஸ்டெல்லா.

டாக்டர் யாரோ இதய மருத்துவருக்குப் போன் செய்தார். ஸ்டென்ட் வைத்து இரண்டு வருடம் ஆகிவிட்டதால் ஆஸ்பிரினை இப்போதைக்கு நிறுத்தலாம் என்று பதில் வந்தது. கடிதம் எழுதிக் கொடுத்து அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார். கிளம்பும்போது போனை வாங்கிக் காதில் வைத்தேன்.

"நீங்க மலை ஏறாததுக்கு எனக்குக் கோபமில்ல," என்றாள் சாந்தி. "பச்சைப் புடவைன்னு சொன்னீங்க பாருங்க. நான் அதுக்கு ரவிக்கைத் துணிகூட நெனச்சு வச்சேன்." அதன்பின் போனை ஸ்டெல்லாவிடம் கொடுக்கச் சொன்னாள்.

மருத்துவமனையில் மூன்று இரவு. ஞாயிறு முப்பத்தெட்டாயிரம், திங்கள் ஐம்பத்தோராயிரம், செவ்வாய் எண்பத்தாறாயிரம். இந்த எண்களை எனக்கு முன்பே சாந்தி தெரிந்துகொண்டாள். ஸ்டெல்லா நேராக அவளுக்குத்தான் சொன்னார். பார்வையாளர் நேரத்தில் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "நேத்து சொன்னத விட நல்லா இருக்காரு அக்கா, தண்ணிதான் குடிக்க மாட்டேங்கறாரு," என்று என்னைப் பற்றி என் எதிரிலேயே பேசுவார். தண்ணீரைக் குடித்தேன்.

புதன், வியாழன் ஸ்டெல்லாவின் வீட்டில். செய்ய ஒன்றுமில்லை, தாளும் எங்கோ தொலைந்திருந்தது. மாலையில் தெருமுனை வரை நடந்தேன். நண்டு சூப் கொடுத்த அம்மாவுக்கு நன்றி சொன்னேன், அவர் என் கையின் ஊதா நிறத்தைத் தொட்டுப் பார்த்தார். சேவியர் வேலை முடிந்து வந்து, பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்தார். மூன்று மணி மழைக்கு முன் துணியை எடுக்க வேண்டும் என்று எனக்கே தோன்றியது. ஓர் ஊர் பழகுவது இப்படித்தான் போலிருக்கிறது, எனக்கு இதுவரை பழகியதில்லை.

வெள்ளிக்கிழமை காலை, சேனாய் விமான நிலையம். கோலாலம்பூர் போய் அங்கிருந்து திருச்சி. ஸ்டெல்லா காரிலிருந்து இறங்காமலே, "அடுத்த வாட்டி அக்காவோட வாங்க, தனியா வந்தா ரூம் தரமாட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போனார். புறப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, என் ஐந்து மாத்திரைகளின் பெயரையும் நோட்டில் பார்க்காமல் எழுதிப் பார்த்தேன். நான்கு சரியாக வந்தன. ஐந்தாவதை யோசிக்கும்போதுதான், காலையில் வெறும் வயிற்றில் சாந்தி ஒரு மாத்திரை விழுங்குவது நினைவுக்கு வந்தது. பன்னிரண்டு வருடமாகப் பார்க்கிறேன். போன் செய்தேன்.

"காலையில நீ போடற மாத்திரை பேரு என்ன?"

"எதுக்கு? விமானம் லேட்டா?"

"எழுதிக்கிறேன், சொல்லு."

மறுபடியும் அலமாரி திறக்கும் சத்தம். பிறகு அட்டையைப் பார்த்து எழுத்து எழுத்தாகச் சொன்னாள். தைராய்டு மாத்திரை. எழுதிக்கொண்டேன்.

"ராத்திரி ஒண்ணு போடுவியே, அது?"

"ஒண்ணு இல்ல, ரெண்டு," என்றாள். "ஆறு மாசமா ரெண்டு."

விமானத்துக்கு அழைத்துவிட்டார்கள். எல்லோரும் பெட்டியை இழுத்துக்கொண்டு வரிசைக்கு ஓடினார்கள். நான் எழுந்திருக்கவில்லை.

"ரெண்டாவது எதுக்கு?" என்று கேட்டேன். அவள் சொல்லத் தொடங்கினாள்.