சூரியனுக்குத் தோக்கியோ நேரம் தெரியாது

பினாங்கு வருகிற நீங்கள் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் இறங்கியதும் போனில் வெப்பநிலை பார்க்கிறீர்கள். உலகத்தில் எந்த ஊர்ச் சூடும் ஒரு விரல் தட்டலில் கிடைக்கிறது. ஜப்பான்காரன் காலத்தில் அதே இடத்துக்கு நான் போனது, வெப்பமானியால் மாட்டிக்கொண்ட என் புருஷனை மீட்க.

அவர் அங்கே விமானத் திடலில் தினமும் காலை ஒன்பதுக்கு வெப்பமானி பார்த்து எழுதுகிறவர். போருக்கு முன் அந்த எண் தந்தியில் சிங்கப்பூர் போய், அங்கிருந்து மற்ற நாடுகளுக்கும் போகும். ஜப்பான்காரன் வந்ததும் அது ராணுவ ரகசியமானது. கடிகாரத்தையும் ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளி, தோக்கியோ நேரம் என்றான். புது ஒன்பது என்றால் பழைய ஏழரை, வெயிலே ஏறியிருக்காது. எண்கள் ஐந்து டிகிரி இறங்கின. விமானிகளை ஏமாற்றப் பொய் எழுதுகிறான் என்று அதிகாரி அவரை அடைத்துவிட்டான். "மணிதான் தப்பு" என்று இந்த மனுஷன் சொல்லித் தொலைக்க, அடி வேறு.

நாங்கள் இருந்த ஜார்ஜ் டவுனிலிருந்து திடலுக்குப் பன்னிரண்டு மைல். விடியும்போது காய்கறி லாரியில் ஏறினேன். வாழைமர நோட்டு என்று நாங்கள் சொன்ன ஜப்பான்காரன் பணத்தில் இரண்டு வெள்ளி கூலி.

"காவல்காரனப் பாத்தா இடுப்பு வரைக்கும் குனிஞ்சிரு தங்கச்சி. இல்லன்னா அறைவான் லா" என்றார் லாரிக்கார அண்ணன். திடல் வாசலில் அப்படியே குனிந்தேன்; அதிகாரியிடம் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

"புருஷன் சொன்னதையே சொல்ல வந்தியா?" என்று அதிகாரி மொழிபெயர்ப்பாளன் வழியாகக் கேட்டான். இன்னொரு தடவை குனிந்து சொன்னேன்:

"மணி சரிதான் துவான். சூரியன்தான் இன்னும் பழைய நேரத்துக்கே வருது. இப்பப் பாருங்க, பத்தரைக்கும் பாருங்க."

ஒன்பதுக்கு எழுபத்தாறு டிகிரி பாரன்ஹீட். வெப்பமானிப் பெட்டியருகே நின்றோம். பாதியில் மேகம் வந்து மூடியது, பாவி மேகம்! எண் ஏறாவிட்டால் இரண்டு பேருக்கும் தலை இருக்காது. ஒருவழியாக வெயில் திரும்பியது. பத்தரைக்கு அதிகாரியே குனிந்து பார்த்தான். எண்பத்தொன்று, பழைய ஒன்பதுக்கு எப்போதும் வருகிற எண்.

என் புருஷனை வெளியே விட்டார்கள். முகம் வீங்கி, ஒரு கண் மூடியிருந்தது. என்னைக் கண்டதும், "எத்தன காட்டுச்சு?" என்றார்.

"உசுரோட வந்திருக்கீங்க, கேக்குற கேள்வியப் பாரு!" என்று திட்டிக்கொண்டே அழுதேன். திரும்ப வண்டி கிடைக்கவில்லை. பன்னிரண்டு மைலும் நடந்தோம்.

உங்களுக்கு அந்தக் கஷ்டமில்லை, விமான நிலைய வாசலிலேயே பஸ் வரும். குடை எடுத்துக்கொள்ளுங்கள். போனில் எண்ணைப் பார்க்கும்போது, எத்தனை மணிக்கு எடுத்தது என்றும் பாருங்கள். அந்த மணி தெரியாவிட்டால் எண்ணே பொய்யாகிவிடும். என் புருஷனுக்கு அந்தக் கண் பிறகு திறக்கவே இல்லை.