உபவாச ஜெபத்தில் ஓர் ஆள் இடம்

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், நான் சாப்பாட்டுக்காகவே ஊர் ஊராகப் போகிறவள். போன மாதம் ஒரு வாசகி, "எப்பப் பார்த்தாலும் சாப்பிட்டதையே எழுதுறீங்களே, ஒருநாள் சாப்பிடாம இருந்து எழுதுங்களேன்" என்று பின்னூட்டம் போட்டிருந்தார். கிண்டல்தான். ஆனால் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அனந்தபுரம் பக்கத்தில் எனக்கு ஒரு சமணத் தோழி உண்டு. அவள் வீட்டில் பொழுது சாய்ந்தால் அடுப்பு அணைந்துவிடும். அம்மனுக்குக் காப்புக் கட்டினால் என் அப்பா ஒருவேளைதான் சாப்பிடுவார். ஆனால் கிறிஸ்தவர்கள் எப்படி விரதம் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. என்னோடு முன்பு வேலை பார்த்த கிரேஸிடம் கேட்டேன். "எங்க அப்பா சபையில வெள்ளிக்கிழமைதோறும் உபவாச ஜெபம். போய் உக்காருங்க, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றாள்.

அப்படித்தான் தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை எட்டு மணிக்கு விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்தில் திண்டிவனம் பஸ் ஏறினேன். கூட்டேரிப்பட்டில் இறங்க வேண்டும். சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர், எனக்கு ஆன செலவு இருபத்தைந்து ரூபாய், முக்கால் மணி நேரம். வீட்டில் ஒன்றும் சாப்பிடவில்லை. காபி கூட இல்லை. விக்கிரவாண்டி தாண்டுவதற்குள்ளேயே கண்ணுக்கு முன்னால் இட்லி வந்துவிட்டது.

கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டில் இறங்கிய இடத்திலேயே ஒரு வண்டியில் மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, வேகவைத்துக் குவித்திருந்தார்கள். ஆவியோடு அந்த வாசனை. வேண்டுமென்றே மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தேன். ஊர் அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே. ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய்.

"ஜெப வீட்டுக்கா? எங்க வீட்டுக்காரியும் அங்கதான் போய்க்கினு இருக்கா" என்றார் ஆட்டோக்காரர்.

"நீங்க போக மாட்டீங்களா?"

"நம்மளால முடியாதுங்க. ஒரு வேள சோறு இல்லன்னா நாளே பேஜாராப் பூடும். அவ வெறும் வயித்தோட ஜெபம் பண்ணுவா, நான் ரெண்டு தட்டு துண்ணுட்டு ஆமென் சொல்லிடுவேன்."

நான் அவர் கட்சி. அதை அவரிடம் சொல்லவில்லை.

சபை என்றால் கோபுரம், மணி என்று எதிர்பார்க்காதீர்கள். தகரக் கூரை போட்ட ஒரு நீளமான கூடம். வாசலில் செருப்புகள், உள்ளே கோரைப்பாய்கள். ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். முப்பது பேர் இருப்பார்கள், பெரும்பாலும் பெண்கள். கிரேஸின் அப்பாவைப் பாஸ்டர் ஐயா என்றும் அம்மாவைப் பாஸ்டர் அம்மா என்றும்தான் எல்லோரும் கூப்பிட்டார்கள். நான் போனபோது பாட்டு ஆரம்பித்துவிட்டது. பாஸ்டர் அம்மா முன்னால் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார். எங்கே உட்காருவது என்று பார்த்தேன். எல்லாப் பாயும் நெருக்கம். ஜன்னலோரப் பாயில் மட்டும் இரண்டு பெண்களுக்கு நடுவே சரியாக ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. காற்றும் வரும். போய் உட்கார்ந்தேன்.

பாட்டு நிற்கவில்லை. ஆனால் பின்னால் இரண்டு மூன்று குரல்கள் நின்றது எனக்குக் கேட்டது. என் வலப்பக்கம் இருந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும், நீலப்புடவை. அவர் என்னைப் பார்த்துவிட்டு முக்காட்டை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டார். இடப்பக்கம் இருந்தவர் கொஞ்சம் இளையவர். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. வேற்றாள் என்பதால் கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

பாட்டு, பிறகு வேத வாசிப்பு, பிறகு தங்களுக்கு நடந்த நன்மையை எழுந்து சொல்லும் சாட்சி, பிறகு விண்ணப்பங்கள். யார் யாருக்கு என்ன வேண்டும் என்று ஐயா ஒவ்வொன்றாகச் சொல்ல, எல்லோரும் சேர்ந்து சத்தமாக ஜெபிக்கிறார்கள். ஒருவர் பேத்திக்கு வேலை, ஒருவர் மாட்டுக்குக் காய்ச்சல். மாட்டுக்கும் அதே கண்ணீரோடுதான் ஜெபித்தார்கள், எனக்கு அது பிடித்திருந்தது. "ஒரு சகோதரருக்கு இன்னைக்கு ஒரு பெரிய காரியம் நடக்குது" என்று ஐயா பெயர் சொல்லாமல் சொன்னபோது, என் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் விசும்பல் கேட்டது. பதினொன்றரைக்கு எனக்குத் தலை கிறுகிறுத்தது. பசியில் எனக்குப் பக்தி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இதையும் எழுதத்தானே வந்தேன்.

பன்னிரண்டரைக்குச் சின்ன இடைவேளை. தண்ணீர் குடிக்கலாம். பின்பக்கக் குழாயடியில் பாஸ்டர் அம்மா என்னிடம் வந்தார்.

"உங்க மேல தப்பில்லம்மா, நாந்தான் வாசல்லயே நின்னு சொல்லியிருக்கணும். நீங்க உக்காந்துக்கினு இருக்கறது அவங்க மாமியார் இடம்."

அப்புறம்தான் விவரம் சொன்னார். என் வலப்பக்கம் இருந்தவர் ரெபேக்கா, மூத்த மருமகள். இடப்பக்கம் இருந்தவர் கலைச்செல்வி, இளைய மருமகள். மாமியார் இருந்தவரை நடுவில் அவர், இருபுறமும் இவர்கள். அவர் இறந்தபிறகு, பொதுக்கிணற்று மோட்டாரை யார் மல்லாட்டைப் பயிருக்கு முதலில் ஓட்டுவது என்று அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்து, இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை ஜெபத்தை இருவரும் விடவில்லை, தங்கள் இடத்தையும் விடவில்லை. நடு இடம் மட்டும் காலியாகவே கிடக்கிறது. ரெபேக்காவின் கணவருக்குத்தான் இன்று புதுச்சேரியில் வயிற்றுக் கட்டி ஆபரேஷன். மகன் அங்கே துணைக்கு இருக்கிறான். அவர் தியேட்டரை விட்டு வெளியே வந்தார் என்று செய்தி வரும்வரை பச்சைத் தண்ணீர் கூடத் தொடமாட்டேன் என்று ரெபேக்கா பொருத்தனை செய்திருக்கிறார். அவருக்குச் சர்க்கரை வியாதி வேறு.

"மயக்கம் போட்டுட்டா?" என்றேன்.

"அதாம்மா எனக்கும் பயமா இருக்குது. ஐயா எவ்ளோ சொல்லிட்டாரு. உபவாசம்னா ஆண்டவர் கிட்ட நம்ம பண்ற ஸ்டிரைக் இல்ல, குடுத்தாத்தான் எழுந்துப்பேன்னு உக்காற. கேக்க மாட்டேங்கறா."

நான் வேறு இடத்துக்குப் போய்விடுகிறேன் என்றேன். "இப்ப எழுந்தீங்கன்னா இன்னும் அசிங்கமாப் பூடும். இருங்க" என்றார். மறுபடி போய் நடுவில் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு என் பசி எனக்கு ஞாபகமே இல்லை. ரெபேக்காவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நெற்றி வியர்த்திருந்தது. எனக்குப் பயமாக இருந்தது.

இரண்டரைக்கு உபவாசம் முடிகிற நேரம். நொய்யும் பச்சைப்பயறும் போட்டுக் காய்ச்சிய கஞ்சி, மல்லாட்டைத் துவையல். இங்கே ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். யாரும் தன் கஞ்சியைத் தானே எடுத்துக் குடிப்பதில்லை. பாயில் இடப்பக்கம் இருப்பவர் கிண்ணத்தைக் கொடுக்க வேண்டும், வாங்குகிறவர் வலப்பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்க வேண்டும். காலையிலிருந்து தன் குறையையே சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு, பக்கத்தில் இருப்பவருக்கும் பசிக்கும் என்று ஞாபகம் வரட்டும் என்பதற்காகவாம். இந்த இருவருக்கும் மட்டும் இத்தனை நாளும் பாஸ்டர் அம்மாவே இரண்டு பக்கமும் கொடுத்துச் சமாளித்திருக்கிறார்.

இன்று நடுவில் நான். கலைச்செல்வி எனக்குக் கொடுத்தார். நான் வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அடுத்த கிண்ணத்தை எடுத்து ரெபேக்காவிடம் நீட்டினேன். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். பாஸ்டர் அம்மா வந்து கெஞ்சினார். மறுபடி தலையசைத்தார். மடியில் இருந்த செல்போனில் செய்தி எதுவும் வரவில்லை. கூடத்தில் யாரும் குடிக்கவில்லை. என் கையில் கிண்ணம் சுட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் திருதிருவென்று விழித்தேன்.

"கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்றார் கலைச்செல்வி.

எனக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. கிண்ணத்தை அவரிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தேன். அவர் உட்கார்ந்தபடியே அந்த நடு இடத்துக்கு வந்தார்.

"யக்கா, குடிக்கா."

ரெபேக்கா நிமிரவில்லை.

"நானும் காலைல இருந்து பல்லுல தண்ணி படல. மாமாவுக்காகத்தான். நீ குடிச்சாத்தான் நான் குடிப்பேன்."

"உனக்கு யாரு சொன்னது?"

"உம் புள்ளதான் ராத்திரி இவருக்கு போன் பண்ணான். இவரு விடியக்காலமே கெளம்பிப் போயி ரத்தம் குடுத்துட்டு, அங்கயே வாசல்ல உக்காந்துக்கினு இருக்காரு. உங்கிட்ட சொல்ல வேணான்னாரு. நான் சொல்லிட்டேன்."

ரெபேக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கிண்ணத்தை வாங்கினார். குடிக்கவில்லை. அதைக் கலைச்செல்வியின் வாயருகே கொண்டுபோய், "மொதல்ல நீ" என்றார். கலைச்செல்வி ஒரு வாய் குடித்ததும், அதே கிண்ணத்தில் ரெபேக்காவும் குடித்தார். பின்னால் யாரோ "ஸ்தோத்திரம்" என்றார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்க முடியவில்லை. அந்த ஆபரேஷனைப் பற்றி அப்போது வரை ஒரு செய்தியும் வரவில்லை.

செய்தி வந்தது நான் திரும்பும்போது. கூட்ரோட்டில் விழுப்புரம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன், நாலு மணி. பாஸ்டர் அம்மா போன் செய்தார். "வெளிய கொண்டாந்துட்டாங்களாம். கண்ண முழிச்சிட்டாராம். ரெண்டு பேரும் ஒண்ணா புதுச்சேரி கெளம்பிக்கினு இருக்காங்க." மல்லாட்டை வண்டி இன்னும் அங்கேயே இருந்தது. ஒரு பொட்டலம் வாங்கிப் பஸ்ஸில் உட்கார்ந்து சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது.

ஜெபம் அவரைக் காப்பாற்றியதா, டாக்டரா, தம்பியின் ரத்தமா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. ரெபேக்காவிடம் கேட்டால் மூன்றும் ஒன்றுதான் என்பார் என்று நினைக்கிறேன். எனக்குத் தெரிந்தது, அவர் பொருத்தனையை விட்டது செய்தி வருவதற்கு முன்பு. காலை முழுக்க ஆண்டவரிடம் பிடிவாதமாக இருந்தவர், ஓரகத்தியின் பசிக்கு இறங்கிவிட்டார். எதற்குச் சாப்பிடாமல் இருக்கிறார்கள் என்ற என் கேள்விக்கு அன்று கிடைத்த பதில் அவ்வளவுதான்.

போக நினைப்பவர்களுக்கு: வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்குள் போய்விடுங்கள். வேறு மதத்தவரையும் உட்காரவிடுகிறார்கள், யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. கட்டணம் கிடையாது. சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் உபவாசம் இருக்க வேண்டாம், கஞ்சி நேரத்துக்குப் போனாலும் வரவேற்பார்கள். படம் எடுக்காதீர்கள். பாயில் ஓர் ஆள் இடம் காலியாக இருந்தால், யாருடையது என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். என்னைப் போலக் கேட்காமல் உட்கார்ந்துவிட்டால், யாராவது தள்ளிக்கொள்ளச் சொல்லும்போது உடனே தள்ளிக்கொள்ளுங்கள்.