டப்பாவின் பின்பக்கம்

நீல நிறப் பால்பவுடர் டப்பா. முன்பக்கத்தில் பெரிய ஆங்கில எழுத்துகள், அவற்றின் கீழே புல் மேயும் ஒரு பசு. தூத்துக்குடியில் நான் வாடகைக்கு இருந்த வீட்டில், மாதா படத்துக்கு அடுத்தாற்போல் அலமாரியின் நடுத்தட்டில் அதை வைத்திருந்தார்கள். கப்பலில் வந்த சாமான் என்றால் அந்தத் தெருவில் அப்படித்தான், விருந்தாளி கண்ணில் படும்படி வைப்பார்கள்.

வீட்டுக்கார அக்காவின் கணவர் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். ஆண்டில் பத்து மாதம் கடல்தான். அக்காவுக்குக் காய்ச்சல் கண்டு தாய்ப்பால் வற்றிய சேதி கேட்டு, ஊருக்கு வந்த கூட்டாளியிடம் அந்த டப்பாவைக் கொடுத்து அனுப்பியிருந்தார். குழந்தைக்கு அப்போது ஐந்து மாதம்.

நான் நாசரேத்துக்காரி. துறைமுகத்துக்குப் பக்கத்தில், இறாலை டின்னில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியின் பரிசோதனைக்கூடத்தில் வேலை. லேபிளைச் சரிபார்ப்பதும் என் பொறுப்பு. நிகர எடை, நீர் வடித்த எடை, உப்பு, அடைத்த நாளின் குறியீடு என்று பன்னிரண்டு விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் பென்சிலால் ஒரு டிக். அறைக்கு வந்தாலும் பட்டியல் போடும் புத்தி போகாது. துவைக்க வேண்டியது, வாங்க வேண்டியது, வீட்டுக்கு எழுத வேண்டியது. அதைப் பார்த்து அக்கா சிரிப்பாள். “ஏளா, உனக்கு வாற மாப்பிள்ள நெத்தியிலயும் லேபிள் ஒட்டியிருக்கணும்பியே!” அந்த ஊரில் என்னை ‘ஏளா’ என்று உரிமையோடு கூப்பிட்டுக் கேலி செய்ய வேறு ஆள் இல்லை.

டப்பா வந்த சாயங்காலம் அக்கா அதை என் கையில் கொடுத்தாள். “என்ன எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லுளா. புள்ளைக்குக் குடுக்கலாமா?”

அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தேன். முன்பக்கத்தை மட்டும் பார்த்தேன். “பால்பவுடர்தான்க்கா. குடுங்க” என்றேன்.

குழந்தை குடித்தான், அழுதான், மறுபடியும் குடித்தான். மணிக்கட்டு மட்டும் மெலிந்துகொண்டே வந்தது. ஆஸ்பத்திரித் தராசில் போன மாதத்து எடையே நின்றது. அக்கா ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டாள். “கப்பல் பாலு குடிச்சும் தேற மாட்டேங்கானே. எவ கண்ணு பட்டுச்சோ” என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். வெளிநாட்டுப் பாலின் மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. படித்தவள் ஒருத்தி பார்த்துச் சொன்ன பாலும் அல்லவா அது?

ஒரு ஞாயிறு, குழந்தையை என்னிடம் விட்டுவிட்டுப் பூசைக்குப் போனாள். அவன் பசித்து அழவே, எவ்வளவு தண்ணீருக்கு எத்தனை கரண்டி என்று பார்ப்பதற்காக டப்பாவைத் திருப்பினேன். அளவுக்கு மேலே, பொடி எழுத்தில் இரண்டு வரி: கொழுப்பு நீக்கிய பால். கைக்குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது.

அக்கா வரும்வரை அவனைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்தேன். சொல்லாமலே வேறு டப்பா வாங்கி வைத்துவிடலாம் என்றும் நினைத்தேன். வாசலில் அவள் முக்காட்டை எடுத்ததும் சொல்லிவிட்டேன்.

“அன்னைக்கும் இது எழுதியிருந்துச்சா?”

“இருந்துச்சுக்கா.”

“நீ பாக்கலியா?”

“பாக்கல.”

அக்கா குழந்தையை வாங்கிக்கொண்டு, கட்டியிருந்த சேலையோடு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். பாலை மாற்றினார்கள். இரண்டு மாதத்தில் கன்னத்தில் சதை வைத்துத் தவழ ஆரம்பித்துவிட்டான்.

இப்போது வேறு ஊரில், தனி அறையில் இருக்கிறேன். பிஸ்கட் பொட்டலத்தைக்கூடத் திருப்பிப் பார்க்காமல் பிரிப்பதில்லை. அவசியமானதைப் பின்பக்கத்தில், வாங்குகிறவர்களுக்குத் தெரியாத பாஷையில், பொடி எழுத்தில் போடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் எனக்கு அந்த பாஷை தெரிந்திருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையைவிட, பிறகு வந்த ஒரு சாயங்காலம்தான் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. குழந்தைக்குச் சத்து டானிக் கொடுத்திருந்தார்கள். நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். அக்கா புட்டியோடு என்னைத் தாண்டி இறங்கி, எதிரே இருந்த மருந்துக்கடைக்குப் போனாள்.

“அண்ணாச்சி, இதுல எழுதியிருக்கத ஒண்ணு விடாம வாசிங்க. பொறத்தாலயும் பாருங்க.”

கடைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, புட்டியைச் சுற்றிச் சுற்றி வாசித்தார். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். திரும்பி வரும்போது நான் எழுந்து வழிவிட்டேன்.

“சாப்பிட்டாச்சா, மிஸ்?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.