எறும்புகளுக்குத் தெரிந்த சொல்

கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த மூன்றாவது வாரத்தில், எங்கள் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியின் ஆஸ்தான நகைச்சுவையாளனாக நான் பதவியேற்றிருந்தேன். போட்டியாளர் இல்லை. குடியிருப்பாளர்களின் வாட்ஸ்அப் புலனக் குழுவில் காலையில் ஏதாவது எழுதிப் போடுவேன். வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்கள் வேறு வழியில்லாமல் சிரித்தார்கள்.

அந்த வாரம் எனக்கு எறும்புகள் வாய்த்தன. எங்கள் கழிப்பறைக் கோப்பையைச் சுற்றி ஒரு மாநாடே நடந்தது. படம் எடுத்து, 'கூடல் இடைவெளி இல்லை, முகக்கவரி இல்லை, போலீஸ் உடனே வரவும்' என்று எழுதினேன். சிரிப்பு முகங்கள் குவிந்தன. நான்காம் மாடியில் இருக்கும் ஆஸ்பத்திரித் தாதி மட்டும், "அண்ணே, அது யாரு போற பாத்ரூம்?" என்று கேட்டிருந்தார். "எறும்புகள் போற பாத்ரூம். நாங்க வாடகைக்கு இருக்கோம்" என்று பதில் போட்டேன். அதற்கும் சிரிப்பு முகங்கள்.

அதே வாரம் என் ஒன்பது வயது மகள் போத்தல் போத்தலாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். கழிப்பறைக்கு ஓடிக்கொண்டே இருந்தாள். இளைத்தும் போயிருந்தாள். வெயில் என்றேன், உயரம் போடுகிறாள் என்றேன். கிளினிக்குக்குப் போகலாம் என்றாள் மனைவி. கொரோனா அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது, போய் வாங்கி வரவேண்டுமா என்று கேட்டேன். நீங்கள் என்ன டாக்டருக்குப் படித்தவரா என்றாள். நிறையப் படித்திருக்கிறேன் என்றேன். அது உண்மைதான். எல்லாம் நாவல்கள்.

எறும்புகள் வந்த ஐந்தாம் நாள் காலையில் மகள் வாந்தி எடுத்தாள். படுத்திருந்தவள், மாடிப்படி ஏறியவளைப் போல மூச்சு வாங்கினாள். வாயில் அழுகிய அன்னாசி வாடை. நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காய்ச்சல் இல்லை, அதனால் ஒன்றுமில்லை என்று அறிவித்தேன். அந்த நாட்களில் உலகத்தில் ஒரே ஒரு நோய்தான் இருந்தது. மனைவி அதற்குள் கார் சாவியை என் கையில் திணித்திருந்தாள்.

மருத்துவமனையில் பெற்றோரில் ஒருவருக்குத்தான் அனுமதி. நான் கார் நிறுத்துமிடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து மனைவி அழைத்தாள்.

"கென்சிங் மானிஸாம். ரத்தம் ஆசிட்டா மாறிடுச்சாம், ஐசியூல வைக்கிறாங்க. ஏன் இவ்வளவு நாள் வெச்சிருந்தீங்கன்னு டாக்டர் கேக்குறாரு. என்ன சொல்லட்டும்?"

கென்சிங் மானிஸ் என்றால் மலாயில் இனிப்பு மூத்திரம். சர்க்கரை நோயை நாமும் இங்கே இனிப்பு நீர் என்றுதான் சொல்கிறோம். இரண்டு மொழிகளிலும் அறிகுறியையே பெயராக வைத்திருக்கிறார்கள். நான் மேடையேறிச் சொல்லாராய்ச்சி செய்கிறவன். எறும்புகள் எந்த மேடையும் ஏறியதில்லை.

பயந்துவிட்டோம் என்று சொல், நான்தான் தடுத்தேன் என்றும் சொல் என்றேன்.

பிறகு குழுவைத் திறந்து, மேலே தேடிப் போய், தாதியின் கேள்விக்கு உண்மையான பதிலை எழுதினேன். "என் மகள் போற பாத்ரூம்." பழக்கதோஷத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். தாதி மட்டும் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார்.

மூன்றாம் நாள் கைப்பேசியில் மகளின் குரல் கேட்டது. மெலிந்திருந்தாலும் அவள் குரல்தான். அம்மா எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

"அப்பா, எறும்பே கண்டுபிடிச்சிருக்கு லா. நீங்க போட்டோ மட்டும்தான் எடுத்தீங்களா?"

ஆமாம் என்றேன்.