கண்ணாடிக்கு அடியில் ஓடிய கோடு

இதில் ஒரு வார்த்தைகூட நான் கட்டிவிட்டது இல்லை. சந்தேகம் இருந்தால் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் ப்ரேம் கடைக்கு வந்து பாருங்கள். அந்த வரைபடம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

என் தம்பி கிஷன் பழைய சாமான் சந்தையில் வாங்கியது அது. வெள்ளைக்காரன் காலத்து ராணுவ வரைபடம். வடக்கே கிரிக் என்ற ஊரைத் தாண்டி, தாய்லாந்து எல்லைவரை போகும் காடு. மலை, ஆறு எல்லாம் நுணுக்கமாக இருந்தன. மேலே ஓரிடம் மட்டும் வெறும் வெள்ளை. அங்கே யாரும் போய் அளக்கவில்லையாம். அந்த இடத்தைப் பார்க்கத்தான் இரண்டு நண்பர்களோடு கிளம்பினான்.

"நான் வரதுக்குள்ள ப்ரேம் போட்டு வைண்ணே. ஹால்ல மாட்டணும்."

சுருண்ட தாளை நிமிர்த்த, அதன்மேல் கண்ணாடியை வைத்து இரும்புக் கட்டிகளை அடுக்கினேன். மறுநாள் பார்த்தால், கிரிக்கிலிருந்து ஒரு பென்சில் கோடு. நான் வைக்கும்போது அது இல்லை. கடையில் என்னைத் தவிர இருப்பது வேலைக்கு நிற்கும் பையன் அன்சார் ஒருவன்தான்.

"யாருடா கிறுக்கினது?"

"நான் தொடவே இல்லண்ணே. சத்தியமா லா."

திருதிருவென்று முழித்தான். எனக்கு அதுவே போதும். அவனைச் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கடையை நானே பூட்டினேன். சாவி என் பையில்.

காலையில் திறந்தேன். கட்டிகள் அசையவில்லை. கோடு வளர்ந்திருந்தது... ஆற்றைத் தாண்டி, அந்த வெள்ளைக்குள்.

வெளியே நல்ல வெயில். மோனோரெயில் போகும் சத்தம். அது அடங்கியதும் இன்னொன்று கேட்டது.

சர்ர்... சர்ர்...

கண்ணாடிக்கு அடியில்.

இரண்டு நாளாகக் கிஷனிடமிருந்து போன் இல்லை. காட்டில் லைன் கிடைக்காது என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் இப்படி ஒரு விளையாட்டா? பயத்தோடு ஆத்திரமும் வந்தது. ப்ரேம் போடும் முன் பென்சில் கறையை அழிப்பது எங்கள் வழக்கம். கண்ணாடியைத் தூக்கினேன். ரப்பரை எடுத்து, கிரிக்கிலிருந்து தேய்க்க ஆரம்பித்தேன்.

பின்னால் அழிக்க அழிக்க... முனை முன்னால் போனது.

வேகமாக. வளைந்து வளைந்து.

ஓடுகிற மாதிரி.

நானும் விடவில்லை.

நின்றது. முனையையும் அழித்தேன்.

மாலையில், கிஷனோடு போன நண்பன் சுகுமாறன் லைன் கிடைக்கும் இடத்துக்கு வந்து போன் செய்தான். அழுதுகொண்டிருந்தான்.

"அண்ணே... கிஷனைக் காணோம். எங்க முன்னாடிதான் நடந்துக்கிட்டிருந்தான்."

தேடப் போனவர்களுக்கு இன்றுவரை எதுவும் கிடைக்கவில்லை. ஒரு விஷயம் மட்டும் பிறகு சொன்னார்கள். காட்டுக்குள் போகும் பாதை முழுக்கச் சேறு. மூன்று பேரும் அந்த வழியாகத்தான் நடந்து போயிருக்கிறார்கள்.

சேற்றில் இரண்டு பேரின் காலடிதான் இருந்ததாம்... ஆரம்பத்திலிருந்தே.