சட்டிக்குள் வந்த ஏரி

ஒல்லாந்தர் பழவேற்காட்டில் இருந்த காலம். கோட்டைக்கு வெளியே இருந்த வைத்திய வீட்டின் சமையற்கட்டுக்கு நாள் தவறாமல் இறால் கொடுத்தவள் நாகம்மாள். வலை கிடையாது, படகு கிடையாது. ஏரிச் சேற்றைக் கையால் துழாவியே பிடிப்பாள்; பிடித்ததை வாயில் கவ்விய ஓலைப் பறிக்கூடையில் போட்டுக்கொள்வாள்.

ஒரு காலை, இறாலைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் பக்கத்து அறைக்குள் எட்டிப் பார்த்தாள். ஐந்து குழந்தைகள் படுத்திருந்தார்கள். உடம்பில் கரையாத கட்டி வளர்ந்து மாதக்கணக்காகக் கிடப்பவர்கள். ஓரக் கட்டிலில் எட்டு வயது லோகாம்பாள். கண்ணுக்குள் கட்டி, இரண்டு கண்ணையும் துணியால் கட்டியிருந்தார்கள். கடலுக்குப் போவதை விட்டுவிட்டு அவள் அப்பா தேசப்பன் கட்டிலின் காலடியில் உட்கார்ந்திருந்தார்.

"நாள் பூரா இன்னா பண்ணுது கொழந்த?"

"இன்னா பண்ணும்? சும்மா கெடக்குது."

மறுநாள் நாகம்மாள் பெரிய மண்சட்டி நிறைய ஏரித் தண்ணீரைச் சுமந்து வந்தாள்.

"கைய உள்ள வுடு கண்ணு. இன்னா கீதுனு சொல்லு."

லோகாம்பாள் தயங்கித் தயங்கி விரலை நனைத்தாள். ஏதோ ஒன்று உள்ளங்கையில் துள்ளியது. வீலென்று கத்தினாள், பிறகு சிரித்தாள். நான்கு மாதத்தில் முதல் சிரிப்பு. தேசப்பன் எழுந்து நின்றுவிட்டார்.

அதிலிருந்து தினமும் புண் கட்டும் நேரத்துக்குச் சட்டி வந்தது. மீன்குஞ்சு, நத்தை, சங்குக்குள் குடியிருக்கும் நண்டு. அதட்ட வந்த ஒல்லாந்து வைத்தியரையும் குழந்தைகள் சட்டிக்குள் கையை விட வைத்தார்கள். நண்டு அவர் விரலைக் கவ்வியது. அவர் தம் பாஷையில் அலறியதைக் கேட்டு அறையே அதிர்ந்தது. மறுநாள் முதல் சட்டி வராமல் அவர் யாருடைய புண்கட்டையும் அவிழ்க்கவில்லை.

மழைக்காலத்தில் ஒரு நாள் லோகாம்பாள் ஓர் இறாலைத் தடவியபடி, "நைனா, இது வயித்துல முட்ட வச்சினுகீது" என்றாள்.

நாகம்மாள் எடுத்துப் பார்த்தாள். வயிற்றடியில் கடுகைவிடச் சிறிதாய் முட்டைகள். முப்பது வருஷமாய்ச் சேற்றைத் துழாவிய கை, பிடிக்கும்போது அதை உணரவில்லை.

"இத ஏரியிலயே வுட்டுடு அத்தே."

பிடித்ததை விட்டுப் பழக்கமில்லாதவள், கொட்டும் மழையில் இடுப்பளவுத் தண்ணீர்வரை போய் அதை நீரில் விட்டாள். ஈரச் சேலையோடு திரும்பிவந்து, அது எந்தப் பக்கம் நீந்திப் போனது என்பதையும் சொன்னாள்.

தை பிறப்பதற்குள் லோகாம்பாள் இறந்துபோனாள்.

அடுத்த வாரம் நாகம்மாள் சட்டியை வாசலில் இறக்கிவைத்து நின்றாள். உள்ளே போகக் கால் வரவில்லை. மகளின் பாயை எடுத்துப்போக வந்த தேசப்பன் குனிந்து சட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

"தூக்கும்மா. மத்ததுங்க காத்துக்கினு கீதுங்க."

அதன்பின் கடலில் அவர் வலைக்கு உயிரோடு சிக்கிய விசித்திரமெல்லாம் முதலில் அந்த அறைக்கே வந்தது. கடல்குதிரை வந்த நாளில் குழந்தைகளுக்குப் பின்னால் வைத்தியரும் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு நின்றார்.